குளிர்பெட்டிக்குள் ஒரு மலை

முதல் வருடம் நான் வாங்கியது பல்பு. இரண்டு அர்த்தத்திலும்தான்.

டிசம்பர் நடுவில் ஒரு நர்சரி வாசல். வெயிலில் கோணியை விரித்து அதன்மேல் கொட்டி வைத்திருந்தார்கள். சாம்பார் வெங்காயத்தைவிடப் பெரிது, பெல்லாரியைவிடச் சிறிது, மேலே பளபளவென்று பழுப்புத் தோல். துலிப் என்றார்கள். பத்து வாங்கி வந்து, டெல்லி மயூர் விஹாரில் எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில் ஐந்து தொட்டிகளில் நட்டேன். இரண்டு நடும்போதே கைக்கு மெத்தென்று இருந்தன, புளித்த வாடை வேறு. மீதி எட்டும் ஜனவரியில் முளைத்தன. மெழுகு பூசினாற்போல நீலம் கலந்த பச்சையில் அகல இலைகள். ‘அந்நியன்’ படத்தில் ‘குமாரி’ பாட்டுக்கு நெதர்லாந்தில் போய் எடுத்தார்களே, அந்தப் பூவயலில் ஒரு முழம் இனி நம் வீட்டில்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன்.

பிப்ரவரியில் நான்கு செடிகளில் மொட்டு வந்தது. தண்டு வரவில்லை. இலைகளின் மடியிலேயே உட்கார்ந்து, போர்வைக்குள்ளிருந்து மூஞ்சியை மட்டும் நீட்டும் பிள்ளைபோல, நாலு விரல் உயரத்தில் பூ திறந்தது. இன்னும் மூன்று செடிகளில் மொட்டு காகிதமாகக் காய்ந்தது. ஒன்றில் இலையோடு சரி. அதே வாரம் சாணக்கியபுரியில் சாந்திபத் வழியாகப் போனேன். சாலையின் இருபுறமும் சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக, முழங்காலைத் தொடும் உயரத்தில், அணிவகுப்புக்கு நிற்கும் சிப்பாய்கள்போல ஆயிரக்கணக்கில் துலிப். ஒரே ஊர், ஒரே பனி, ஒரே காற்று. (டெல்லிக் காற்றைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) புது டெல்லி நகராட்சி மன்றத்துக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போனது என்ன?

விடை தேடிப் போனபோது, ஒரு பூச்செடியின் கோளாறுகளைவிடச் சுவாரசியமான வேறொன்று கிடைத்தது. மலையில் வளரும் செடிக்கு மலை என்பது எது என்ற கேள்வி.

துலிப் என்றதும் காற்றாலைகளும் கால்வாய்களும் நினைவுக்கு வரும். ஆனால் பல இடங்களில் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் அந்தத் தட்டை நாடு துலிப்பின் புகுந்த வீடுதான். பிறந்த வீடு மத்திய ஆசியாவின் தியான்ஷான், பாமீர் மலைகள். காட்டு வகைகளில் பெரும்பகுதி அந்த மலைச்சரிவுகளிலும் அவற்றின் காலடிப் புல்வெளிகளிலும்தான் பிறந்தது. அங்கே குளிர்காலம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கும். பனி உருகும் சில வாரங்கள் மட்டும் மண்ணில் ஈரமும் வானில் வெயிலும் சேர்ந்து இருக்கும். அதற்குள் முளைத்து, பூத்து, விதைத்து, அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துவைத்துக்கொண்டு செடி மண்ணுக்குள் போய்விட வேண்டும். பிறகு நீண்ட, சொட்டு மழையில்லாத கோடை. ஆண்டில் முக்கால் பங்கு தலைமறைவு வாழ்க்கை. மண்ணுக்குள் இருக்கும் அந்தக் கிட்டங்கிதான் நாம் பல்பு என்பது. பாடநூல்கள் குமிழம் என்கின்றன. நான் குமிழ் என்றே சொல்கிறேன்.

டெல்லியில் இந்தப் பூவுக்கு ஏங்கிய முதல் ஆள் நானில்லை. 1526-ல் பானிபட்டில் வென்று வந்த பாபர், இந்துஸ்தானத்தில் நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை என்று தன் நினைவுக்குறிப்புகளில் ஒரு பெரிய புகார்ப் பட்டியலே போட்டிருக்கிறார். அதே பாபர், காபூலை அடுத்த மலையடிவாரங்களில் எத்தனை வகைக் காட்டுத் துலிப் பூக்கின்றன என்று ஒருமுறை ஆளை வைத்து எண்ணச் செய்து, முப்பத்திரண்டோ முப்பத்திமூன்றோ என்று எழுதிவைத்திருக்கிறார். ஒன்றில் ரோஜா மணம் வீசியதாம். அவருடைய கொள்ளுப்பேரன் ஜஹாங்கீர் 1620-ன் வசந்தத்தில் காஷ்மீரில் இருந்தபோது, அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் நூறுக்கும் மேற்பட்ட காஷ்மீர்ப் பூக்களை வரைந்தார். அவர் வரைந்த ஒரு சிவப்புத் துலிப் இன்றும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பேரரசர்களால் பூவைத் தாளில்தான் சமவெளிக்குக் கொண்டுவர முடிந்தது. அவர்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லை.

நம்மவர்கள் நிலத்தையும் பூவையும் முடிச்சுப் போட்டவர்கள். திணைக்கு ஒரு பூ, பூவுக்கு ஒரு நிலம். ஆனால் தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தை மட்டுமல்ல, நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். மலைநிலமான குறிஞ்சிக்குக் கொடுத்திருக்கும் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள் மட்டும் மயங்கக்கூடாது என்று ஒரு விதியும் உண்டு. அதாவது பொழுதைக் கடன் வாங்கலாம். துலிப்பை டெல்லியில் வளர்ப்பவர்கள் செய்வது அச்சொட்டாக இதைத்தான். அவர்கள் மலையைக் கொண்டுவருவதில்லை. மலையின் பஞ்சாங்கத்தைக் கொண்டுவருகிறார்கள்.

டெல்லி கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம். ஊட்டி இரண்டாயிரத்து இருநூறைத் தாண்டும். மலைச்செடிக்கு ஊட்டிதான் வசதி என்று தோன்றும். ஆனால் ஊட்டியில் ஜனவரிப் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டெல்லியில் ஜனவரி இரவுகள் சராசரியாக 7, 8 டிகிரி செல்சியஸ், மே மாதப் பகல்கள் 40. உயரத்தில் மலைக்கு நேரெதிரான இந்த ஊர், கோடையும் குளிருமாக ஆண்டைப் பிளப்பதில் மத்திய ஆசியாவுக்குச் சொந்தக்காரன். பிளக்கும் இடங்கள்தான் தப்பு. குளிர் குறைவு, வசந்தம் அதைவிடக் குறைவு, கோடையில் மழை. துலிப் வளர்ப்பவருக்கு டெல்லியில் வரும் தொல்லைகள் எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் பிள்ளைகள்.

என் செடிக்குத் தண்டு வராமல் போன கதை முதலாவதைச் சேர்ந்தது. அதைப் புரிந்துகொள்ள, டிசம்பரில் ஒரு நல்ல குமிழைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பார்க்க வேண்டும். ஒன்றை இழக்க மனம் வராதுதான். ஆனால் ஒருமுறையாவது பாருங்கள். வெங்காயச் செதில்கள்போல வெள்ளை அடுக்குகள், நடுவே வெளிர்மஞ்சளாக ஒரு குருத்து. குருத்தைப் பிரித்தால் சுருண்ட இலைகள். அவற்றுக்குள், கடுகு அளவா மிளகு அளவா என்று சொல்லும்படி, முழுப் பூ. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், நடுவில் மூன்றாகப் பிரியும் சூல்முடி. எதுவும் பாக்கியில்லை. குளிர் வருவதற்கு முன்பே, குமிழ் தூங்குவதாக நாம் நினைத்த கோடையிலேயே, 17 முதல் 20 டிகிரி வரையிலான மிதமான வெப்பத்தில் இந்தப் பூ உள்ளே உருவாகி முடிந்திருக்கிறது.

எனவே குளிர் பூவை உண்டாக்குவதில்லை. கோதுமையில் குளிர்கால வகைகளுக்குக் குளிர் பட்டால்தான் பூக்கும் முடிவே எடுக்கப்படும். அதைத் தட்பப்பதனம் என்று பள்ளியில் படித்திருப்போம். துலிப்பில் வேலை வேறு. பூ தயார், புறப்பட அனுமதிதான் தேவை. 9 டிகிரிக்குக் கீழே, உறைநிலைக்கு மேலே, பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் வரை குமிழ் இருந்தாக வேண்டும். அந்த வாரங்களில் செதில்களில் உள்ள மாவுச்சத்து மெல்லச் சர்க்கரையாகிறது. தண்டின் செல்கள் ஜிப்ரலின், ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன்களின் பேச்சைக் கேட்கும் நிலைக்கு வருகின்றன. பிறகு வெயில் கொஞ்சம் ஏறியதும் சர்க்கரை தண்ணீரை இழுக்க, செல்கள் ஒவ்வொன்றும் பலூன்போல நீள, சில வாரங்களில் தண்டு ஒரு முழம் ஏறிவிடும். புதிதாகச் செல் பிரிவதைவிட, இருக்கும் செல் நீள்வதுதான் இதில் அதிகம். குளிர் போதாவிட்டால் பூ இருக்கும், தண்டின் செல்களும் இருக்கும், ஆனால் நீளாது. என் பால்கனியில் போர்வைக்குள் முகம் நீட்டியது அப்படிப்பட்ட பூ.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? மலையில் நவம்பரில் ஒரு வாரம் குளிர்ந்து, அடுத்த வாரம் வெயில் அடித்தால், வசந்தம் வந்துவிட்டது என்று நம்பித் தலையை நீட்டிய செடி செத்தது. பொய்க்கு ஏமாறாதவை பிழைத்தன. குமிழ் வாரக்கணக்கில் குளிரை எண்ணிச் சேர்ப்பது அப்படிக் கிடைத்த புத்தி.

டெல்லியில் உண்மையான குளிர் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய ஆறேழு வாரம். அதிலும் பகலில் இருபது டிகிரி எட்டிவிடும். கணக்கில் பாதிக்கு மேல் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைச் சரிக்கட்டுவது குளிர்கிடங்கு. சாந்திபத்தில் பூப்பவை பெரும்பாலும் நெதர்லாந்திலிருந்து வருகிறவை. அங்கேயே கோடையில் மிதவெப்ப அறையில் வைத்துப் பூவை உள்ளே முடிக்கச் செய்து, பிறகு குளிரூட்டிய அறையில் வாரங்களை எண்ணிக் கழித்து, குளிர் கெடாமலே இங்கே கொண்டுவந்து, டெல்லியில் குளிர் இறங்கியதும் நடுகிறார்கள். குமிழைப் பொறுத்தவரை அது மூன்று மாதம் பனிக்கடியில் கிடந்த குமிழ். டெல்லிக் குளிர் அதற்கு உருகும் பனியின் கடைசி வாரங்கள். வேர் விடுகிறது, எழுகிறது, பிப்ரவரியில் பூக்கிறது. ஸ்ரீநகரில் ஜபர்வான் மலையடிவாரத்து இந்திரா காந்தி நினைவுத் துலிப் தோட்டம் மார்ச் பிற்பாதியில்தான் வாசலைத் திறக்கும். மலையில் பூப்பதற்கு ஒரு மாதத்துக்கும் மேல் முன்னாலேயே சமவெளியில் பூக்கிறது மலைப்பூ.

நான் வாங்கியவையோ, வெயிலில் கோணியில் கிடந்து, சேர்த்த குளிரையும் தொலைத்தவை.

இரண்டாம் வருடம் புத்தி வந்தது. செப்டம்பர் கடைசியிலேயே குமிழ்களை வாங்கிக் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன். ஃப்ரீசரில் வைத்தால் உறைந்து செத்துவிடும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, “வெங்காயத்தை எவனாவது ஃப்ரிட்ஜுல வைப்பானா?” என்று அதை எடுத்து வெளியே கூடையில் போட்டார். திருப்பி வைத்தேன். சாம்பாரில் போட்டுவிடாதீர்கள் என்று பையின்மேல் எழுதியும் வைத்தேன். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் டச்சுக்காரர்கள் துலிப் குமிழைத் தின்று உயிர் பிழைத்தது உண்மை. நடுக்குருத்தைத் தோண்டி எறிந்துவிட்டு வேகவைக்கச் சொன்னார்கள். அது வேறு வழியில்லாதவர்கள் தின்றது. குமிழில் பூஞ்சையை விரட்டவென்று செடி வைத்திருக்கும் ரசாயனம், நாள் முழுக்கக் குமிழ் பொறுக்கும் தொழிலாளிகளின் விரல் நுனிகளைக்கூட வெடிக்க வைக்கும்.

அம்மா அதன்பின் குமிழைத் தொடவில்லை. ஆனால் அதே தட்டில் இரண்டு கிலோ சிம்லா ஆப்பிளை வைத்தார். நானும் கவனிக்கவில்லை. அந்த வருடம் தண்டு வந்தது, ஒரு சாண் உயரம்கூட வந்தது. உச்சியில் மொட்டு காகிதமாகக் காய்ந்து நின்றது.

பச்சை மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்க வைத்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பழுக்கும் பழம் எத்திலீன் என்னும் வாயுவை விடுகிறது. மூடிய இடத்தில் அது தேங்கினால் மற்ற பழங்களும் பழுக்கும். துலிப் குமிழுக்குள் மிளகளவில் காத்திருக்கும் பூவுக்கோ அந்த வாயு எமன். பழம் மட்டுமல்ல, ஃபுசேரியம் பூஞ்சை பிடித்து அழுகும் குமிழும் எத்திலீனை ஏராளமாக விடும். ஒரு பெட்டியில் நாலு அழுகல் இருந்தால் பக்கத்துக் குமிழ்கள் வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே பூ செத்திருக்கும். முதல் வருடம் புளித்த வாடை அடித்த அந்த இரண்டும் என்ன வேலை செய்திருக்கும் என்று இப்போது புரிகிறது. வாங்கும்போது அழுத்திப் பார்ப்பதும் மோந்து பார்ப்பதும் கத்தரிக்காய்க்கு மட்டும் உரியதல்ல.

மூன்றாம் வருடம் ஆப்பிளுக்கு ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று வீட்டில் சட்டம் போட்டேன். பூத்தது. அதோடு அடுத்த வகைத் தொல்லைகள் ஆரம்பித்தன.

நன்றாக எழுந்து நின்ற தண்டு, மொட்டுக்குச் சற்றுக் கீழே, கண்ணாடிபோல நீர்கோத்து, ஒரே நாளில் மடிந்து தலைகுப்புற விழுந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அது தப்பு. செல் சுவருக்குச் சுண்ணாம்புச்சத்து போதாமல் வரும் நோய் இது. டெல்லித் தண்ணீரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். குழாய் வாயில் படிந்திருக்கும் வெள்ளையே சாட்சி. ஆனால் சுண்ணாம்புச்சத்து செடிக்குள் தானாக ஏறாது. இலைகள் நீராவி விடும்போது மேலேறும் தண்ணீரில் சவாரி செய்துதான் ஏறும். காற்றில் ஈரம் நிறைந்து இலை ஆவி விடாமல் இருந்தால், மண்ணில் எவ்வளவு இருந்தும் மொட்டுக்குக் கீழே வேகமாக நீளும் இடத்துக்கு அது போய்ச் சேராது. வாரக்கணக்கில் பனிமூட்டம் கவியும் டெல்லி ஜனவரியை நினைத்துப் பாருங்கள். மருந்தைவிடக் காற்றோட்டம் உதவும். தொட்டிகளை நெருக்கி வைக்காமல் தள்ளி வைத்து, தண்ணீரைக் குறைத்தேன். மூடிய பால்கனியாக இருந்தால் திறந்துவிட வேண்டும். கண்ணாடி வீட்டில் வளர்ப்பவர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலும் கொடுப்பதுண்டு.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யமுனை வண்டல் நுண்ணியது, தண்ணீரைப் பிடித்து வைக்கும். மலைச்சரிவின் கல்லும் சரளையும் தண்ணீரைப் பிடிக்காது. பாதிக்குப் பாதி ஆற்றுமணல் கலந்தால் அழுகல் பெருமளவு நிற்கும். காரத்தன்மை கொஞ்சம் இருந்தால் துலிப்புக்கு ஆட்சேபணை இல்லை.

வெயில்தான் பெரிய வில்லன். துலிப் இதழ் வெயில் ஏறத் திறக்கும், இறங்க மூடும். கீல் எதுவும் இல்லை. வெப்பம் கூடினால் இதழின் உட்புறம் வேகமாக வளர்கிறது, பூ விரிகிறது. குளிர்ந்தால் வெளிப்புறம் வளர்ந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் இதழ் கொஞ்சம் நீளமாகிறது. அதாவது திறந்து மூடும் ஒவ்வொரு நாளும் ஆயுளில் செலவுக்கணக்கு. மேகமூட்டமான டச்சு ஏப்ரலில் நிதானமாகச் செலவாவது, காலையில் 11, மதியம் 26 என்று தாவும் டெல்லி பிப்ரவரியில் ஊதாரித்தனமாகக் கரைகிறது. 2023 பிப்ரவரியில் சாந்திபத்தில் துலிப் திருவிழா நடத்தினார்கள். ஜி-20 ஆண்டு, நகரெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குமிழ்கள். அந்தப் பிப்ரவரிதான், இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி, 1901 முதல் அதுவரை நாடு கண்ட பிப்ரவரிகளில் சராசரிப் பகல்வெப்பம் மிக அதிகமான பிப்ரவரி. பூக்கள் மல்லாந்து கிண்ணமாய் விரிந்து, இதழ் உதிர்ந்து, கண்ணெதிரே வசந்தம் சுருங்கியது. பால்கனிக்காரனுக்கு ஒரு சின்ன வழி உண்டு. பத்து மணிவரை வெயில், அதன்பின் நிழல். பச்சைத்துணி கட்டியதில் எனக்கு நாலைந்து நாள் லாபம்.

பிப்ரவரியில் அசுவினியும் வரும். ஹரியானாவின் கடுகு வயல்கள் முதிரும் காலம், மொட்டுக்கடியில் பச்சையாய் அப்பிக்கிடக்கும். சோப்புத் தண்ணீர் போதும். இந்தப் பூச்சிக்கு ஒரு பழைய புகழ் உண்டு. 1637-ல் ஹாலந்தில் ஒரு குமிழுக்கு ஒரு வீட்டின் விலையைக் கொடுக்கும் அளவுக்குப் பித்துப் பிடித்துப் பிப்ரவரியில் சந்தை சரிந்தது அல்லவா, அந்தப் பித்து பெரும்பாலும் இதழில் தீநாக்குபோல் கோடு ஓடிய பூக்களுக்காக. அந்தக் கோடு ஒரு தொற்று என்று 1928-ல் இங்கிலாந்தில் டோரதி கேலி என்னும் ஆய்வாளர் காட்டினார். வைரஸ், அதைப் பரப்புவது அசுவினி. உலகிலேயே விலை அதிகமான நோயாக இருந்திருக்கும். டெல்லியில் அதற்குப் பயப்பட வேண்டாம், ஏனென்றால் இங்கே எந்தத் துலிப்பும் நோய் முற்றும்வரை உயிரோடு இருப்பதில்லை.

டெல்லித் துலிப்பின் தலையாய பிரச்சினை அதுதான். பல்லாண்டுச் செடியாகப் பிறந்தது இங்கே மூன்று மாதச் செடியாகிவிடுகிறது.

துலிப் குமிழ் ஆண்டுக்காண்டு அதே குமிழாக இருப்பதில்லை. பூத்து முடிக்கும்போது பழைய குமிழ் முற்றாகக் கரைந்து, தோல் மட்டும் மிஞ்சும். செதில்களின் அக்குளில் இருந்த மொட்டுகள் புதுக் குமிழ்களாகப் பருத்து அந்த இடத்தைப் பிடிக்கும். நமக்குப் புரியும்படி சொன்னால் வாழையடி வாழை. தாய் குலை தள்ளிச் சாய, கன்று எழும். ஆனால் கன்று பருக்க இலை உழைக்க வேண்டும். பூ உதிர்ந்தபின் ஐந்தாறு வாரமாவது, குளிர்ச்சியான வெயிலில், பச்சை இலை சர்க்கரை தயாரித்து மண்ணுக்குள் அனுப்ப வேண்டும். டச்சு விவசாயிகள் இதற்காகவே, வயல் முழுக்கப் பூத்ததும், இயந்திரத்தை விட்டுப் பூக்களின் தலையை மட்டும் சீவி எறிந்துவிடுவார்கள். பார்க்கிறவருக்கு வயிறு எரியும். அவர்கள் விற்பது குமிழைத்தானே, பூவையல்ல.

டெல்லியில் பூ உதிர்வதோடு மார்ச் வந்துவிடும். பகல்வெப்பம் முப்பதை நெருங்கும், ஏப்ரலில் முப்பத்தைந்தைத் தாண்டும். மூன்றாம் வாரத்திலேயே இலை மஞ்சள். கன்றுகள் பூண்டுப் பல் அளவிலேயே நின்றுவிடும். பூப்பதற்குக் குமிழின் சுற்றளவு குறைந்தது எட்டு, பத்து சென்டிமீட்டராவது வேண்டும். மண்ணிலேயே விட்டால் மே, ஜூன் அனலில் வெந்து, ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழையில் அழுகும். தாய்நாட்டில் கோடை காய்ந்திருக்கும், அப்போது தூங்குவது பாதுகாப்பு. இங்கே தூங்கும் அறைக்குள் வெள்ளம் புகுகிறது.

அதனால் நகராட்சிகள் ஆண்டுதோறும் புதிதாய் வாங்குகின்றன. ராஷ்டிரபதி பவனின் அமிர்த உத்யானிலும், அதாவது 2023 ஜனவரிவரை முகலாயத் தோட்டம் என்று பெயர் இருந்த இடத்திலும், இதே கதைதான். இரண்டு மூன்று வாரப் பூவுக்குக் கடல்கடந்து குமிழ் வரவழைப்பது கொஞ்சம் ராஜாங்கத் தோரணை என்றே எனக்குத் தோன்றும். ஆனால் வேலைநாள் மத்தியானத்தில் சாந்திபத் நடைபாதையில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்து அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களைக் கண்டால் வாய் அடைத்துவிடும். குமிழை இங்கேயே விளைவிக்க முயற்சி நடக்கிறது. இமாசலத்தில் பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம், லாகௌல் பள்ளத்தாக்கின் உயரங்களில் துலிப் குமிழ் வளர்க்கிறது. மழை மறைவுப் பகுதி, நீண்ட குளிர், தாமதமான வசந்தம். கன்று பருக்க வேண்டிய மாதங்கள் அங்கே இருக்கின்றன. மலை குமிழைத் தர, சமவெளி பூவைத் தருவது என்ற பங்கீடு நியாயமாகப் படுகிறது.

காஷ்மீரிகள் இதற்கு வேறொரு வழி கண்டிருந்தார்கள். பழைய காலத்து மண்கூரைகளில், மசூதிக் கூரைகள் உட்பட, வசந்தத்தில் சிவப்புத் துலிப் பூக்கும். லனாட்டா என்று ஒரு வகை. குமிழின் தோலுக்குள் கம்பளிபோல ரோமம் இருப்பதால் அந்தப் பெயர். கூரையில் தண்ணீர் நிற்காது, கோடையில் நன்றாகக் காயும், குளிர்காலத்தில் பனி மூடும். ஒரு மலைச்சரிவுக்கு வேண்டிய எல்லாம் வீட்டுக்கு மேலேயே இருந்தது. தகரக்கூரை வந்தபின் அது அரிதாகிவிட்டது. இன்னொன்று, ஈரானிலிருந்து மேற்கு இமயம்வரை பரவியிருக்கும் குளூசியானா. வெளியே சிவப்புப் பட்டை, உள்ளே வெள்ளை, வெயிலில் நட்சத்திரமாக விரியும் மெல்லிய பூ. 1593-ல் லைடனுக்குப் போய் ஹாலந்து மண்ணில் துலிப்பை நட்ட தாவரவியலாளர் குளூசியஸின் பெயர் அதற்கு. தடித்த தோட்டத் துலிப்பைவிடக் குறைந்த குளிரில் பிழைக்கும், கலிஃபோர்னியாவின் சூட்டிலும் ஆண்டுக்காண்டு திரும்பி வருகிறது. டெல்லி பால்கனியில் நிலைக்கத் துலிப் சாதியில் ஒன்றுக்கு வாய்ப்பு உண்டென்றால் இதற்குத்தான் என்று நினைக்கிறேன். இந்தச் செப்டம்பருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

துலிப்பின் குழந்தைகள் செய்யும் ஒரு காரியத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று. விதையிலிருந்து முளைத்ததோ, தாயின் பக்கத்தில் பிறந்த சின்னக் கன்றோ, பூக்கும் வயது வராத குமிழ் ஒரே ஒரு இலையைத்தான் விடும். பூக்கச் சில வருடங்கள் இருப்பதால் அவசரம் எதுவும் இல்லை. அந்த ஆண்டுகளில் அது செய்யும் வேலை கீழே இறங்குவது. குமிழிலிருந்து வெள்ளையாக ஒரு குழாய் நேராக மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனியில், பழைய குமிழுக்குப் பல விரற்கடை ஆழத்தில், புதுக் குமிழ் உருவாகும். மறு ஆண்டு இன்னும் கீழே. கோடைச்சூடு எட்டாத, எலி தோண்டாத ஆழம்வரை போய்த்தான் நிற்கும். காட்டுத் துலிப்பைத் தோண்டப் போனவர்கள் முழங்கை ஆழம் போயும் குமிழ் கிடைக்காமல் திரும்பியதுண்டு.

போன மார்ச்சில் என் தொட்டிகளைக் கவிழ்த்தபோது, பழைய தோல்களுக்கு நடுவே ஏழு கன்றுகள் கிடைத்தன. எறிய மனமில்லை. செய்தித்தாளில் சுற்றி, வீட்டிலேயே குளுமையான மூலையில் கோடையையும் மழையையும் கழிய விட்டு, செப்டம்பரில் ஆப்பிள் இல்லாத ஃப்ரிட்ஜில் வைத்து, டிசம்பரில் ஒரே தொட்டியில் நட்டேன். பூவுக்காக அல்ல, என்னதான் செய்யும் என்று பார்க்க. ஐந்து முளைத்தன. ஆளுக்கு ஒரு இலை. பிப்ரவரி முழுக்க அந்த ஐந்து இலைகளும் யாரையும் கவராமல் நின்றுவிட்டு, மார்ச் வெயிலில் மஞ்சளாகிப் படுத்தன.

நேற்றுத் தொட்டியை இடம் மாற்றலாம் என்று தூக்கினேன். அடியில், தண்ணீர் வடிய விட்ட துளை வழியாக, தீக்குச்சி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மூன்றாம் மாடியின் மொசைக் தரையைத் தொட்டபடி.